காணாக்கடியோடு காதும் மந்தமானால்: ஒரு குடும்பம் சொல்லிக்கொடுத்த பாடம்

உடம்புல திடீர்னு அங்கங்க சிவந்து தடிக்கும், அரிக்கும். நம்ம ஊர்ல இதுக்குக் காணாக்கடின்னு பேர். எது கடிச்சதுன்னு கண்ணுல படாததால அப்படி. நாங்க சீட்டுல எழுதற ‘அர்டிகேரியா’ காஞ்சொறி மாதிரியான ஒரு செடியோட லத்தீன் பேர்ல இருந்து வந்தது.

பெரும்பாலும் சில மணி நேரத்துல தானா மறையும். செட்டிரிசின் போட்டா அடங்கும். (தடிப்போட உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுத்தி மயக்கம் வந்தாலோ இதைப் படிக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.)

இன்னைக்குப் பேசப்போறது மெதுவா வர்ற ஆபத்தைப் பத்தி. கொஞ்சம் நீளமான இழை.

1962. இங்கிலாந்தின் டெர்பிஷையர் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பம். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குத் தடிப்பு வரும். கூடவே காய்ச்சல், குளிர் நடுக்கம், கைகால் வலி. வயசு ஏற ஏறக் காது மந்தமாகும். கடைசியில் சிறுநீரகம் கெடும்.

தாமஸ் மக்கிள், மைக்கேல் வெல்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை ஒரே நோயாக எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பில் அவர்கள் வைத்தது மூணு விஷயம்: தடிப்பு, செவிட்டுத்தன்மை, அமிலாய்டு. அமிலாய்டுன்னா, வருஷக்கணக்கா உடம்புக்குள்ள அழற்சி ஓடும்போது ஒரு வகைப் புரதம் உறுப்புகளில் படிஞ்சு போறது. சிறுநீரகம்தான் அதுக்கு முக்கியமான இலக்கு.

தோலுக்கு ஒருத்தர், காதுக்கு ஒருத்தர், கிட்னிக்கு ஒருத்தர்னு தனித்தனியாப் பார்த்தா இது பிடிபடவே படாது. அவங்க குடும்பத்தையே ஒரே நோயாளி மாதிரி பார்த்தாங்க. என் கணக்குல அதுதான் பெரிய கண்டுபிடிப்பு. ஆனா கையில மருந்து எதுவும் இல்லை. பெற்றோரில் ஒருத்தருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

இதுக்கு முன்னாடியே, 1940ல், கைல், ரஸ்க் என்ற இருவர் வேறொரு குடும்பத்தைப் பத்தி எழுதியிருந்தாங்க. குளிர் பட்டாலே அந்தக் குடும்பத்துக்குத் தடிப்பு வரும். ரெண்டும் வேற வேற நோய்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க.

2001ல் அமெரிக்காவின் ஹால் ஹாஃப்மன் குழு முடிச்சை அவிழ்த்தது. ரெண்டு நோய்க்கும் ஒரே மரபணுதான், முதலாம் குரோமோசோமில் இருக்கு. அது செய்யும் புரதத்துக்கு ‘கிரையோபைரின்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் குளிர், நெருப்பு இரண்டையும் சேர்த்த பெயர். எவ்வளவு பொருத்தம் பாருங்க!

இந்தப் புரதம் நம்ம உடம்போட அலாரம் மாதிரி. கிருமி வந்தா அடிக்கணும். மரபணு மாறினவங்களுக்குத் திருடனே வராம அலாரம் அடிக்குது. அப்போ ‘இன்டர்லூக்கின்-1’ என்ற ரசாயனம் கொட்டுது. காய்ச்சல், வலி, தடிப்பு எல்லாம் அது செய்யற வேலை. ஹிஸ்டமின் இங்க முக்கிய குற்றவாளியே இல்லை. அதனாலதான் செட்டிரிசின் எத்தனை போட்டாலும் இவங்களுக்குக் கேக்கறதில்லை.

2003ல் லண்டன் மருத்துவர்கள் முடக்குவாதத்துக்குப் பயன்பட்ட அனகின்ரா ஊசியை மக்கிள்-வெல்ஸ் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அது இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் மருந்து. சில மணி நேரத்திலேயே தொல்லைகள் அடங்கின. நோய்க்குப் பேர் கிடைச்சு 41 வருஷம் கழிச்சு!

ஏற்கெனவே போன காதும் கெட்ட சிறுநீரகமும் முழுசாத் திரும்பும்னு நம்ப முடியாது. அதனால சீக்கிரம் கண்டுபிடிக்கறதுலதான் எல்லாமே இருக்கு.

குடும்பத்துல யாருக்கும் இல்லாமலும் இப்படி வரலாம். 1972ல் பிரான்சின் தோல் மருத்துவர் லிலியான் ஷ்னிட்ஸ்லர் விவரித்த நோய் நடுவயசுக்கு மேல வரும்: தடிப்பு, காய்ச்சல், எலும்பு வலி, ரத்தத்தில் ஒரு அசாதாரணப் புரதம்.

இதெல்லாம் ரொம்ப அபூர்வம். காணாக்கடி வந்தவங்க எல்லாம் இன்னைக்கே பயந்து ஓட வேண்டாம். ஆனா தடிப்போட திரும்பத் திரும்பக் காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவப்பு, காது மந்தம் சேர்ந்தா டாக்டர்கிட்ட எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லுங்க. அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்ததான்னும் சொல்லுங்க. ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல அதே இடத்துல நின்னு, எரிச்சலோட, மறையும்போது கன்னிப்போன மாதிரி தழும்பு விட்டா அது ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம், அதையும் சொல்லணும்.

அமிலாய்டு சிறுநீரகத்தைத் தொட்டா முதல்ல சிறுநீர்லதான் புரதம் தெரியும். அந்த டெஸ்ட் உங்க தெருமுனை லேப்லயே எடுப்பாங்க.