இடம் மாறும் பேஸ்மேக்கர்

மனித உடலுக்குள் முழுவதுமாகப் பதிக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. அறுவை மருத்துவர் ஓகே சென்னிங். கருவியை உருவாக்கியவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். நோயாளி ஆர்னே லார்சனுக்கு அப்போது வயது 43. இதயத்தின் மின்துடிப்பு தடைபடும் 'இதய அடைப்பு' நோயால் ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாகக் கொண்டு எப்பாக்ஸி பிசினில் வார்த்த அந்தக் கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்சனோ அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டு, 2001 வரை வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் மார்பைத் திறந்து, இதயத்தின் வெளிப்புறத்தில் மின்கம்பியைத் தைத்தார்கள். தைத்த கம்பி எளிதில் நகராது. ஆனால் ஓயாத துடிப்பில் வளைந்து வளைந்து முறிந்துபோகும். முதிய நோயாளிகளுக்கு மார்பைத் திறக்கும் அறுவையே உயிருக்கு ஆபத்தானது.

இதற்கு மாற்று வழியையும் அதே 1958இல் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் மருத்துவர் சேமூர் ஃபர்மன் காட்டினார். சிரை வழியாகக் கம்பியைச் செலுத்தி இதயத்தின் வலது கீழறைக்குள் கொண்டுபோய், வெளியே இருந்த கருவியால் இதயத்தைத் துடிக்க வைத்தார். இவ்வகையில் ஒரு நோயாளி 96 நாட்கள் உயிர்காக்கப்பட்டார். 1960களில் கருவியைத் தோலுக்கடியில் வைத்து, கம்பியைச் சிரை வழியே இதயத்துக்குள் விடும் முறை பரவியது. மார்பைத் திறக்க வேண்டியதில்லை என்பது மாபெரும் நன்மை. ஆனால் இடம் மாறும் சிக்கல் தொடங்கியதும் இதனால்தான். கம்பியின் முனை இதயச் சுவரில் வெறுமனே சாய்ந்து கிடந்தது. அது நகர்ந்தால் மின்துடிப்பு தசையைச் சென்றடையாது, பழைய மயக்கம் திரும்பிவிடும்.

1968இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் பேலிஸும் அவருடைய சகாக்களும் இன்னொரு சிக்கலைப் பதிவு செய்தார்கள். தோலுக்கடியில் இருக்கும் கருவி திரும்பத் திரும்பச் சுழன்று, கம்பி நூற்கண்டுபோல் அதன்மேல் சுற்றிக்கொள்கிறது. கம்பி சுருங்கச் சுருங்க அதன் முனை இதயத்திலிருந்து மேலே இழுபடும். வழியில் உதரவிதான நரம்பைத் தூண்டினால் விக்கலும் வயிற்றுத் துடிப்பும் வரும். மேலும் ஏறினால் கை துடிக்கும். 'ட்விட்லர் நோய்க்குறி' என்று பெயர் பெற்ற இந்நிலையை ஒரு மார்பு எக்ஸ்ரேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நோயாளி தன்னையறியாமல் கருவியைத் தடவித் திருப்புவதே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. அது ஓரளவுக்கே உண்மை. தளர்ந்த தசையும் கொழுப்பும் உள்ள உடல், கருவியை வைக்கத் தோலுக்கடியில் தேவைக்கு மேல் பெரிதாக வெட்டப்பட்ட தோல்பை, தோள் அசைவு ஆகியவையே கருவியைச் சுழற்றிவிடக்கூடும். தொட்டதே இல்லை என்று சொல்லும் நோயாளியைப் பொய்யராகப் பார்ப்பது அநியாயம்.

தீர்வுகளும் பெரும்பாலும் கருவியின் வடிவத்திலும் மருத்துவரின் கைவேலையிலுமே கிடைத்தன. 1970களில் கம்பி முனையில் சிறு முட்கள் வந்தன. அவை இதயத்தின் உட்தசைப் பின்னலில் சிக்கி நின்றன. திருகுபோல் தசைக்குள் ஏறும் முனையும் பரவியது. கம்பியையும் கருவியையும் மார்புத் தசையோடு தைத்து நிறுத்தும் பழக்கம் உறுதிப்பட்டது. கருவி வழுக்காதிருக்க, திசு ஊடுருவி வளரக்கூடிய பாலியஸ்டர் துணிப்பையை மருத்துவர் விக்டர் பார்சனெட் உருவாக்கினார். லித்தியம் மின்கலங்கள் கருவியைச் சிறிதாக்கின.

2010களில் கம்பியே இல்லாத பேஸ்மேக்கர்கள் வந்தன. அவற்றுள் ஒன்றான மைக்ராவின் எடை சுமார் 2 கிராம், நீளம் 26 மி.மீ. அது நேரடியாக வலது கீழறைக்குள் பொருத்தப்படுகிறது. தோல்பையும் கம்பியும் இல்லாததால் சுழலும் சிக்கலுக்கு இடமில்லை. கருவியே கழன்று நகர்வது மிக அரிது. எனினும் எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. கம்பி வைத்த கருவிகளே இன்றும் பெருவழக்கு.

புதிய கம்பி நகர்வதற்கான வாய்ப்பு முதல் சில வாரங்களில்தான் அதிகம். அதனால்தான் கருவி வைத்த பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், பாரம் சுமக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கருவி பொருத்திக்கொண்டவருக்குத் தலைச்சுற்றல், மயக்கம், நிற்காத விக்கல், கைத்துடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.