மரம் கரைக்கும் காளானும் நொய்யல் ஆறும்

மழைக்காலம் கழிந்தபின் வேலியோரம் விழுந்து கிடக்கும் கட்டையைப் புரட்டிப் பார்த்தால், அதன் அடியில் வெள்ளை நூல் படர்ந்தாற்போல் ஒரு பூஞ்சணம் காணப்படும். சில ஆண்டுகளில் அக்கட்டை வெளிறி, மெலிந்து, மண்ணோடு மண்ணாகிவிடும். கோடரிக்கும் எளிதில் இளகாத மரத்தை இவ்வாறு கரைக்கும் ஆற்றல் யாது? அவ்வாற்றல் மனிதர் கைக்கு வந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

மரத்தின் நார்களைச் சுண்ணாம்புக் காரைபோல் பிணைத்து நிற்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து, சுவிட்சர்லாந்துத் தாவர நூலறிஞர் டி கண்டோல் 1813-ஆம் ஆண்டில் இப்பெயரை அமைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1883-இல், ஜப்பானியரான யோஷிடா என்பார், மெருகுப் பூச்சுக்கு உதவும் ஒரு மரத்தின் பால் காற்றுப் பட்டதும் கறுத்து இறுகுவதற்கு அதனுள் உள்ள நொதியே காரணம் என்று கண்டார். பிரெஞ்சு அறிஞர் பெர்ட்ராண்ட் அதற்கு லாக்கேஸ் எனப் பெயரிட்டார். 1896-இல் அது காளான்களிலும் உண்டு என்பது புலனாயிற்று. 1983-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெண்ணழுகல் காளான் ஒன்றிலிருந்து லிக்னின் பெராக்சிடேஸ் என்னும் வேறொரு நொதியைப் பிரித்தெடுத்தனர். அது ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையால் வேலை செய்வது. திருப்பூரில் துணி வெளுக்கப் பயன்படும் பொருளும் அதுவே அன்றோ!

பெரும்பாலான நொதிகள் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போன்றவை. லிக்னினோ ஒழுங்கற்ற அமைப்புடையது. அதற்குச் சாவி பொருந்தாது. எனவே இக்காளான்களின் நொதிகள் கடப்பாரைபோல் செயற்படுகின்றன. லிக்னினை ஒத்த வேறு பல பொருள்களையும் உடைக்கின்றன. சாயங்கள் அவற்றுள் அடங்கும். 1996-இல் டென்மார்க்கு நாட்டு நிறுவனம் ஒன்று, நீலக் காற்சட்டைத் துணியின் சாயத்தை வெளிறச் செய்ய லாக்கேஸை விற்பனைக்குக் கொணர்ந்தது.

எங்கள் சேவூர் வட்டாரத்தில் உழவும் பனியன் தொழிலும் அருகருகே நடைபெறுகின்றன. ஆதலின் இவ்விரு வழியிலும் இதன் பயனை எண்ணிப் பார்ப்போம்.

உழவில் பயன் கண்கூடு. கயிற்றுத் தொழிலில் மிஞ்சும் தென்னை நார்க்கழிவில் நூற்றுக்கு முப்பது பங்கு லிக்னின். ஆகவே அது எளிதில் மட்காது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டிய முறைப்படி, ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால், ஏறத்தாழ 60 நாளில் அது கருநிற உரமாகிறது. லிக்னினும் ஐந்து பங்குக்குள் அடங்குகிறது.

தொழிலில் நிலைமை வேறு. சாயக் கழிவால் நொய்யல் கெட்டது. 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் அக்கழிவைத் தேக்கி வைக்கும் குளமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. காளான் நொதி இவ்வாற்றை மீட்குமா என்று கேட்போர் உளர். சோதனைச்சாலையில் அது சாயநீரின் நிறத்தைப் போக்குவது உண்மையே. ஆனால் சாயம் துணியில் ஏறுவதற்காகக் கலக்கும் உப்பை எந்த நொதியும் தின்னாது. நிறம் நீங்கிய உப்புநீர் கண்ணுக்குத் தெளிவாயிருக்கும். வயலை மட்டும் கெடுக்கும். அதனாலேயே சவ்வு வழி வடித்தும், எஞ்சியதைக் காய்ச்சியும், நீரையும் உப்பையும் மீட்கும் செலவு மிக்க முறை இன்றியமையாததாயிற்று.

எனவே காளானை அதற்குரிய பணியில் அமர்த்துவோம்: நார்க்கழிவை உரமாக்கவும், சாயநீரின் நிறத்தைக் குறைக்கவும் அது துணை நிற்கட்டும். உப்பு ஆற்றில் கலவாதபடி காக்கும் பொறுப்பு நம்முடையதே. தெளிந்த நீரைக் கண்டவுடன் தூய நீர் என்று நம்பிவிடாது, அதில் உப்பு எவ்வளவு என்று கேட்கும் வழக்கம் நம் பிள்ளைகளுக்கு வருமாயின், ஆற்றங்கரை உழவர்க்கு அதுவே பெருந்துணையாகும்.