ஊர்வாழ்வு விளையாட்டு

ஊர்வாழ்வு விளையாட்டு என்பது ஒரு சிற்றூரின் அன்றாட வாழ்க்கையையே ஆட்டமாகக் கொண்ட விளையாட்டு வகை. வீடு கட்டுவது, பயிர் வைப்பது, மீன் பிடிப்பது, அயலாரோடு கொடுக்கல் வாங்கல் செய்வது ஆகியவையே இதன் ஆட்டம். எதிரிக்கு இதில் பெரிய இடம் கிடையாது. வென்றாயிற்று, தோற்றாயிற்று என்று முடியும் கட்டமும் பெரும்பாலும் கிடையாது. இன்று இவ்வகையைச் சொன்னதும் கைத்தொலைபேசியும் கணினியும்தான் நினைவுக்கு வருகின்றன. தமிழரிடையே இதன் வரலாறு மணலில் தொடங்குகிறது. உப்பளமும் களப்பும் கரைவலையும் தென்னந்தோப்பும் அடுத்தடுத்து அமைந்த, இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரை, இவ்வரலாற்றை நின்று பார்ப்பதற்கு ஏற்ற இடம். இவ்விளையாட்டுகள் கற்பனையில் கட்டுகிற ஊரின் தொழில்கள் பலவும் இங்கே சில மைல்களுக்குள் நிகழ்கின்றன.

மணல் வீடும் உப்பு வண்டியும்

கடற்கரை மணலில் சிறுமியர் வீடு கட்டி விளையாடுவதைச் சங்க நூல்கள் சிற்றில் இழைத்தல் என்கின்றன. மணலில் பாவை செய்வது வண்டல். மணலையே சோறாக வைத்துச் சமைப்பது சிறுசோறு. வீடு, ஆள், அடுப்பு மூன்றும் சேர்ந்தால் ஓர் ஊரின் தொடக்கம் வந்துவிடுகிறது.

அந்த ஊரைக் கலைக்கிறவனும் அப்போதே உடன் வந்துவிட்டான். கபிலர் பாடிய கலித்தொகை 51ஆம் பாடலில் ஒரு பெண், தெருவில் தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் உதைத்து, கூந்தல் மாலையை அறுத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பையனைத் தோழிக்கு நினைவூட்டுகிறாள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுவதற்கே ஒதுக்கினார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றிலும் ஒன்றானது. பலர் சேர்ந்து கட்டிய ஊரில் யார் எதைத் தொடலாம் என்ற கேள்வி இந்த இலக்கியம் நெடுகிலும் வருகிறது. இன்றைய இணைய விளையாட்டுகளுக்கும் அதுவே முதல் சிக்கல். ‘அனிமல் கிராசிங்’ விளையாட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், நெருங்கிய நண்பர் என்று தீவுக்காரர் குறித்து வைக்காத விருந்தாளி அங்கே மண்வெட்டியையும் கோடரியையும் பயன்படுத்த முடியாது. ஆண்டாள் கெஞ்சிக் கேட்டதை இங்கே நிரல் விதியாக்கியிருக்கிறார்கள்.

வாங்கல் விற்றலுக்கும் நெய்தல் பாடல்களில் சான்று உண்டு. அம்மூவனாரின் அகநானூற்று 140ஆம் பாடலில் உப்பு வணிகனின் மகள், நெல்லும் உப்பும் ஒரே அளவு என்று விலை கூறிக்கொண்டு சேரிக்குள் நடக்கிறாள். பழகாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்க, அவள் மிரள்கிறாள். காசு இல்லை, எடைக்கல் இல்லை; ஒரு படிக்கு ஒரு படி. ஊர்வாழ்வு விளையாட்டு எதுவானாலும் அதன் நடுவில் இருப்பது இந்தக் காட்சிதான். பயிரும் வீடும் அதற்குத் துணை. அயலான் வாசலுக்குப் பண்டத்தோடு போய் நிற்பதே ஆட்டத்தின் உயிர்.

புத்தளக் கரைக்கு இந்தப் பண்டமாற்று புதிதன்று. 1344இல் இப்னு பதூதா கரையிறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்பது பரவலான கருத்து. காட்டாறுகள் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததையும், மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை விலையின்றி எடுத்துக்கொண்டு மன்னருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகத் தந்ததையும் அவர் எழுதியுள்ளார். பின்னர் கண்டி இராச்சியத்துக்கு இக்கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏறின. கரையைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த உப்பு வழியைத் தம் கையில் வைத்துக்கொள்ள முயன்றதற்குக் காரணம், உப்பில்லாமல் மலைநாட்டில் சமையல் நடக்காது என்பதே.

சிரட்டைக் கடை

இக்கரைப் பிள்ளைகளின் சோறு கறி விளையாட்டும் கடை விளையாட்டும் சிற்றிலின் நேர் வாரிசுகள். எச். பார்க்கர் தமது ‘பண்டைய இலங்கை’ (1909) நூலில் இத்தீவின் குழிப்பலகை ஆட்டங்களையும் கட்ட ஆட்டங்களையும் விரிவாக விளக்கினார். பலகையும் காயும் வேண்டாத இந்த விளையாட்டுக்கு அப்படி ஒரு பதிவாளர் வாய்க்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தென்னை அதிகமுள்ள மாவட்டம் என்பதால் கருவிகளும் தென்னையிலிருந்தே வருகின்றன. சிரட்டைதான் சட்டி, பானை, அளவைப் படி எல்லாம். ஒரு தடியின் இரு முனையிலும் இரண்டு சிரட்டையைக் கயிற்றால் தொங்கவிட்டு, நடுவில் பிடி கட்டினால் தராசு. விழுந்த குரும்பட்டி தேங்காயாகும். ஈர்க்கில் கோத்தால் தேர்ச் சில்லும் ஆகும். ஈர மணல் சோறு, காய்ந்த வெண்மணல் உப்பு அல்லது சீனி, பூவரசம் இலை காசு. கடைக்காரர் ஆகிறவர் பெரும்பாலும் வயதில் மூத்த பிள்ளை. இலைக் காசு மரத்தில் வேண்டிய மட்டும் கிடைப்பதால் அதற்கு மதிப்பு நிற்பதில்லை. ஆகவே சிறிது நேரத்திலேயே பிள்ளைகள் காசைக் கைவிட்டு, “நீ சோறு தா, நான் மீன் தாறன்” என்று பண்டமாற்றுக்கு இறங்கிவிடுவார்கள்.

அளவின்றிக் கிடைக்கும் காசு என்ன செய்யும் என்பதைக் கணினி விளையாட்டுகள் பிறகு பெரிய அளவில் கற்றுக்கொண்டன. அமெரிக்காவில் 1986இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் சோதித்துப் பார்த்த ‘ஹாபிடாட்’ என்ற இணைய உலகில், ஓர் இயந்திரம் பொம்மையை 75 வில்லைக்கு விற்றது. ஊரின் மறு கோடியில் இருந்த அடகு இயந்திரம் அதே பொம்மையை 100 வில்லைக்கு வாங்கியது. இதைக் கண்டுபிடித்த சிலர் இரவெல்லாம் பொம்மை சுமந்தார்கள். விடிந்தபோது அந்த உலகின் மொத்தப் பணம் ஐந்து மடங்காகியிருந்தது.

ஊரை விட்டு வந்தவர்களின் ஊர்

கணினித் திரையில் இவ்வகைக்கு அடித்தளம் இட்டது யசுஹிரோ வாடா உருவாக்கி 1996 ஓகஸ்டில் ஜப்பானில் வெளியான ‘ஹார்வெஸ்ட் மூன்’. கியூஷு தீவின் நாட்டுப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர் வாடா. விட்டுவந்த ஊரின் ஏக்கமே ஆட்டமானது. அதில் கொடுக்கல் வாங்கல் மிக எளியது. விளைந்ததைப் பெட்டியில் போட்டால் மாலை 5 மணிக்கு ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு பணம் தருவார். பேரம் இல்லை, எதிரே ஆடும் இன்னொரு மனிதரும் இல்லை.

அதே 1996இல் புத்தளக் கரையின் இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் வாட்டியது. 1980களில் சிலாபம், முந்தல் பக்கங்களில் வேகமாகப் பரவிய தொழில் அது. நீர்நிலைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் ஒரு குட்டையின் நோய் அடுத்த குட்டைக்குப் போனது. ஊர்வாழ்வு விளையாட்டு மனத்தை ஆற்றுவதற்கான காரணம் இங்கேதான் தெரிகிறது. நிஜத்தில் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடிய அந்த ஒரு நாள் விளையாட்டில் வருவதில்லை.

இரண்டாவது பெரும் படி ‘அனிமல் கிராசிங்’. 2001 ஏப்ரல் 14இல் ஜப்பானில் வெளியான இதன் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கிய கட்சுயா எகுச்சி, நிண்டெண்டோவில் சேர்வதற்காகச் சீபாவிலிருந்து கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தவர். குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்த தனிமையிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது என்று அவர் கூறியிருக்கிறார். விளையாட்டின் கடிகாரம் நிஜக் கடிகாரம். இங்கே இரவானால் அங்கும் இரவு. ஒரே ஊரில் நான்கு பேர் குடியிருக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம். பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு கடிதத்தையும் பழத்தையும் வைத்துவிட்டுப் போனால், வேலை முடிந்து பின்னிரவில் வரும் தகப்பன் அதை எடுத்துப் பார்ப்பார். ஒன்றாக உட்கார நேரமில்லாத வீட்டுக்கு இதைவிட அன்பான ஏற்பாடு கணினி விளையாட்டில் வந்ததில்லை.

வாடாவும் எகுச்சியும் வேலை தேடித் தாமாகப் புறப்பட்டவர்கள். புத்தளக் கரைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் அப்படி வரவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களில் மிகப் பலர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஓலைக் கொட்டில்களில் குடியேறி, பல்லாண்டுகள் அங்கேயே இருந்தார்கள். மணலில் வீடு கட்டுவது அங்கே பெரியவர்களுக்கும் வேலையாயிற்று.

இணையச் சந்தை

அயலாரோடு நேரடியாக ஆடும் நிலை இணையத்தோடு வந்தது. 2009 ஜூனில் ஸிங்கா நிறுவனம் பேஸ்புக்கில் தொடங்கிய ‘ஃபார்ம்வில்’ ஓராண்டுக்குள் மாதம் 8 கோடிக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. 2020 டிசெம்பர் 31இல் அது மூடப்பட்டது. குறித்த நேரத்தில் அறுக்காத பயிர் அதில் வாடிவிடும். அயலாரை அழைத்தால்தான் நிலம் விரியும். அழைக்க மனமில்லையென்றால் காசு கட்டலாம். அயலுறவைத் தூண்டிலாக மாற்றிய விளையாட்டு அது. இவ்வகையின் வரலாற்றில் அதை ஒரு சறுக்கல் என்றே கொள்ள வேண்டும்.

பின்லாந்தின் சூப்பர்செல் 2012இல் வெளியிட்ட ‘ஹே டே’ அந்தத் தவறுகளில் ஒன்றையாவது திருத்தியது: அதில் பயிர் வாடுவதில்லை, இரண்டு வாரம் கழித்து வந்தாலும் கதிர் அப்படியே நிற்கும். ஒவ்வொருவருக்கும் சாலையோரக் கடை உண்டு. பாலாடைக்கட்டியோ முட்டையோ பெட்டியில் வைத்து விலை போட்டால், வேறு நாட்டில் இருப்பவர் செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து வந்து வாங்குவார். ஒவ்வொரு பண்டத்துக்கும் உச்ச விலை உண்டு. அதற்கு மேல் கேட்க முடியாது. நேரடிப் பண்டமாற்றுக்கு வழி இல்லை. ஆனாலும் ஆட்டக்காரர்கள் அதைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். களஞ்சியத்தைப் பெரிதாக்கத் தேவையான மரையாணி ஒருவரிடமும் பலகை இன்னொருவரிடமும் இருந்தால், இருவரும் தத்தம் கடையில் மலிவு விலைக்கு வைத்து மாறி வாங்குவார்கள். யாராவது ஒருவர் முதலில் வைத்தாக வேண்டும். மற்றவர் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டால் கேட்க ஆளில்லை. இடையில் மூன்றாமவர் வந்து அள்ளிக்கொண்டு போவதும் உண்டு. இவ்வளவு தெரிந்தும் முதலில் வைக்கிறவர்களால்தான் அந்த ஊர் நடக்கிறது.

எரிக் பரோன் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தனியாளாக உழைத்து 2016 பெப்ரவரியில் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’யில், 2018 முதல் பலர் சேர்ந்து ஒரே பண்ணையை நடத்தலாம். முதலில் பணப்பை எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது. ஒருவர் விதைக்கு வைத்த காசில் இன்னொருவர் தொப்பி வாங்கிவிடலாம். 2019 இறுதியில் தனித்தனிப் பணம் வைத்துக்கொள்ளும் தெரிவும் சேர்க்கப்பட்டது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 18இல் புத்தளம், சிலாபம், கொச்சிக்கடைப் பகுதிகளில் ஊரடங்கு போடப்பட்டது. 20ஆம் திகதி மாலை அது நாடு முழுவதற்கும் விரிந்தது. ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ வெளியானது அதே 20ஆம் திகதியில். உலகில் பல நாடுகள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வேளையில் அது பரவி, பின்னர் 4 கோடிக்கும் மேல் விற்றது. ஆளில்லாத தீவில் கூடாரம் அடித்து ஊராக்குவது அதன் கதை. கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள பத்தலங்குண்டுத் தீவில், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் பருவத்துக்குப் பருவம் வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்து ஊராக்குவதும் ஏறக்குறைய இதே வேலை.

அந்த விளையாட்டின் கிழங்குச் சந்தை தனித்துச் சொல்ல வேண்டியது. ஞாயிறு காலையில் ஒரு சிறுமி டர்னிப் கிழங்கு விற்று வருவாள். ஒன்றின் விலை 90 முதல் 110 காசு வரை. கடைக்காரர் வாங்கும் விலை தீவுக்குத் தீவு வேறு. நாளில் இருமுறை மாறும். சில வேளை 600ஐயும் தாண்டும். அடுத்த ஞாயிறு வந்தால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே விலை ஏறிய தீவுக்காரர் தம் வாசலைத் திறந்துவிட, முன்பின் தெரியாதவர்கள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். நுழைவுக் கட்டணம் கேட்டவர்கள் உண்டு. ஒன்றும் கேட்காமல் விட்டவர்களும் உண்டு. வந்தவர்கள் நன்றிக்குப் பழமோ பூவோ வாசலில் வைத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

தமிழ் வாழ்க்கை இவ்வகைக்கு நெருங்கி வந்தது 2023 ஜூலை 31இல் ரொறன்ரோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’வில். 1988இல் கனடாவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பமும் அவர்களின் அடுப்படியும் அதன் களம். 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதை அது பெற்றது. வீட்டுக்குள் நடக்கும் கதை என்பதால் அதில் சந்தைக்கு இடம் இல்லை.

புத்தளக் கரையை ஊர்வாழ்வு விளையாட்டாக்க விரும்புவோருக்கு விதிகள் இங்கேயே கிடைக்கின்றன. இக்கரையிலுள்ள உடப்பு ஊரில் கரைவலையை ஒருவர் இழுக்க முடியாது; ஆள் சேர வேண்டும், வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கால் வைக்க வேண்டும். வந்த மீனின் வருமானம் வலைக்கு உரியவரான சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் மேற்குக் கரையில் வலை ஓயும். அப்போது கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து போகிறவர்கள் உண்டு. அந்தக் காய்ந்த மாதங்களில் உப்பளப் பாத்தியில் உப்பு விளையும். மழை வந்தால் கரையும். எட்டுப் பேர் எட்டுப் போனில் இருந்து ஒரே கயிற்றைப் பிடிக்க, ஒருவர் விட்டால் வலை சரியும் என்று வைத்தால் போதும். ஆட்டத்துக்கு வேண்டிய இறுக்கம் அதிலேயே கிடைத்துவிடும்.