விதைச்சவன் பேரைச் சொல்லுங்க!



எதிரணித் தம்பி கேட்டார்: "அமெரிக்காவில் 2018-இல் கென்ட்ரிக் லமார் புலிட்சர் பரிசு வாங்கினார். பழைய ராப் பாடகர் யாராவது வாங்கினாங்களா?" வாங்கலை ஐயா! ஆனா அந்த மேடைக்குப் படி கட்டினது யாரு?

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, புதுத்துணி வாங்கக் காசு வேணும். சிண்டி என்ற பெண், குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஆட்டபாட்டம் வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50! (சிரிப்பு) இசைத்தட்டு சுழற்றியவர் அண்ணன் கூல் ஹெர்க். பாட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றி நீட்டினார். அந்தத் தாளத்தின்மேல் பேச்சு ஏறியது; ராப் வளர்ந்தது.

1979-இல் ஷுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' உலகமெல்லாம் ஒலித்தது. அதில் ஒருவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. காஸின் மேடைப்பெயரே அதில் எழுத்தெழுத்தாக வருது! ஆனா பாட்டு எழுதினவர் பட்டியல்ல அவர் இல்லை, காசும் வரலை. பேர் பாட்டுக்குள்ளே, பங்கு அடுத்தவன் பைக்குள்ளே! (கைதட்டல்)

லமாரின் திறமையை நான் மறுக்கலை. பழம் பறிச்சவருக்குத் தாராளமா மாலை போடுங்க. விதைச்சவன் பேரையும் ஒருதரம் சொல்லுங்க! அவன் பேரை மறந்துட்டா, நாளைக்கு உங்க பேரை எவன் சொல்லுவான்?

ஆகவே, ஓங்கி நிற்பவர்கள் முன்னோர்களே என்று சொல்லி அமர்கிறேன்.