கார் பாட்டும் பாட்டரியும்

1930-ல் சிகாகோவின் பால் கால்வின், தன் கார் ரேடியோவுக்கு 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார். விலை நூறு டாலருக்கு மேல். புது ஃபோர்டு காரே ஐந்நூறு, அறுநூறு டாலருக்குக் கிடைத்த காலம் அது!

கார் பாட்டரியோ வெறும் 6 வோல்ட். ரேடியோ வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். முதலில் தனி பாட்டரிகளை வைத்துப் பார்த்தார்கள். பிறகு வைப்ரேட்டர் வந்தது: மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பி, வோல்ட்டேஜை ஏற்றும் கருவி.

1950களில் 12 வோல்ட் பாட்டரி பரவியது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அது தாராளம். ஆனால் அதை நேராக 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் சுமார் 18 வாட்தான் தேறும். சப்வூஃபர் அதிருமா? அதனால் ஆம்ப்ளிஃபயருக்குள் வைப்ரேட்டரின் பழைய வேலையை இப்போது டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. 500 வாட் கேட்டால் பாட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய வயர் சூடாகி உருகிவிடும். தடித்த வயரும், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் இதற்காகத்தான். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபியூஸை விட்டவர்களின் வயர் தகரத்தில் உரசினால், காரே எரியும்.