எட்டுத் துண்டுகளில் ஓர் ‘அதிசய ஆயுதம்’

நீர்மூழ்கி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் 1943 வரை செருமானியர் ஓட்டிய கலங்கள் பெரும்பாலும் நீரின்மேல் மிதந்தவையே. டீசல் எந்திரம் இயங்கக் காற்று வேண்டும். மூழ்கினாலோ மின்கலங்கள்தாம் துணை. அவற்றின் ஆற்றல் தீர்ந்ததும் கலம் மேலே வந்தாக வேண்டும். வந்தால் காத்திருப்பது விமானம்! இருளையும் ஊடுருவும் ரேடார்! 1943 மே மாதம் ஒன்றில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கலங்களை இழந்தது இட்லரின் கடற்படை.

அந்த அடியில் பிறந்ததுதான் ‘இருபத்தொன்றாம் வகை’ நீர்மூழ்கி. வால்ட்டர் என்னும் பொறியாளர், ஐதரசன் பெராக்சைடில் ஓடும் கலம் ஒன்றுக்குத் திட்டமிட்டிருந்தார். அந்த எரிபொருள் முறை கைகூடக் காலம் பிடிக்கும் என்று தெரிந்தது. ஆகவே அதன் பெரிய உடலை எடுத்துக்கொண்டு, உள்ளே மின்கலங்களை அடுக்கினர்; பழைய கலங்களில் இருந்ததைப்போல் மூன்று மடங்கு! மேல்தளத்துப் பீரங்கியை நீக்கி, நீர் வழுக்கிச் செல்லும் வண்ணம் உடலை வடித்தனர். நீளம் ஏறத்தாழ 77 மீட்டர். பழைய கலம் நீருக்கடியில் 7 கடல் மைல் வேகத்தில் ஊர்ந்தது; இதுவோ 17 கடல் மைல் வேகத்தில் பாய்ந்தது. மேலே வராமலே, மூச்சுக்குழாயை மட்டும் நீட்டி மின்னேற்றிக்கொள்ளவும் இயன்றது.

அறிவு அறிவுதான். பகைவன் மூளையில் உதித்தது என்பதற்காக அதனை இல்லையென்று சாதிப்பது பகுத்தறிவாளருக்கு அழகன்று. ஆனால், அந்த அறிவு யார் கையில் சிக்கியது, யார் முதுகில் ஏறிச் சென்றது என்று கேட்காமல் இருப்பதும் அழகன்று.

ஆயுத அமைச்சர் ஸ்பீர், கப்பல் கட்டும் பணியை மெர்க்கர் என்பவரிடம் ஒப்படைத்தார். அவர் வண்டித் தொழிற்சாலையிலிருந்து வந்தவர், கப்பல் கட்டியவரல்லர். கலத்தை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, உள்நாட்டு எஃகு ஆலைகளில் செய்வித்து, ஆறுகளின் வழியே படகுகளில் கொணர்ந்து, ஆம்பர்க், பிரெமன், டான்சிக் துறைகளில் பொருத்தச் செய்தார். ஏட்டில் இனித்தது திட்டம். துறைக்கு வந்த துண்டுகளோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை! முதலில் ஒரு கலத்தைக் கட்டிச் சோதித்துப் பார்க்கவும் பொறுமையில்லை. 1944 ஏப்ரலில், தலைவர் பிறந்தநாளுக்குக் காணிக்கையாக, முற்றுப்பெறாத கலம் ஒன்றை, திறப்புகளை மரத்தால் அடைத்து நீரில் இறக்கினர். இறக்கிய கையோடு பழுதுபார்க்க இழுத்துச் சென்றனர். தலைவரைக் குளிர்விப்பதே தொழிலாகிவிட்ட ஆட்சியில் தச்சனின் அளவுகோலுக்கு ஏது மதிப்பு?

இதனினும் கொடியது பிரெமனை அடுத்த பார்கேயில் நடந்தது. வேசர் ஆற்றங்கரையில், 400 மீட்டருக்கும் அதிக நீளத்தில், ‘வேலன்டீன்’ என்ற பெயரில் கான்கிரீட் கோட்டை ஒன்று எழுந்தது. துண்டுகளை அங்கே பொருத்தி, இரண்டு மூன்று நாளுக்கொரு கலத்தை வெளியே தள்ளுவது திட்டம். கட்டியவர் யார்? வதைமுகாம் கைதிகள், போர்க்கைதிகள், பல நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட ஏழைகள். பத்தாயிரம் பேருக்குக் குறையாது. அரைவயிற்றுக் கஞ்சியோடு சிமெண்டு மூட்டை சுமந்தனர், இரும்பு சுமந்தனர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆரிய இரத்தமே உயர்ந்தது, மற்றையோர் அடிமைகளே என்ற கொள்கை அங்கே கான்கிரீட்டாக இறுகியது. 1945 மார்ச்சில் ஆங்கிலேயரின் பெருங்குண்டுகள் இரண்டு அதன் கூரையைத் துளைத்தன. ஒரே ஒரு கலங்கூட அங்கிருந்து வெளிவரவில்லை.

மற்ற துறைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் போருக்கென்று கடலேகியவை இரண்டே இரண்டு! முதலாவது, நார்வேயின் பெர்கனிலிருந்து புறப்பட்ட சில நாட்களில், 1945 மே 4 அன்று, போரை நிறுத்துமாறு கட்டளை வந்துவிட்டது. இந்த வகைக் கலம் எதுவும் ஒரு கப்பலையேனும் மூழ்கடித்ததில்லை.

வென்றவர்கள் விடுவார்களா? ஆளுக்குச் சிலவாகப் பகிர்ந்துகொண்டனர். அமெரிக்கா தன் பழைய நீர்மூழ்கிகளை இதன் வழியில் திருத்தியது. சோவியத் நாட்டின் புதிய கலங்களிலும் இதன் சாயல் படிந்தது. மாலுமிகளே மூழ்கடித்துவிட்டுச் சென்ற கலம் ஒன்றை 1957-இல் செருமானியர் மேலே தூக்கி, 1960 முதல் ஆய்வுக்கலமாக ஓட்டினர். 1984 முதல் அது பிரெமர்காவனில் காட்சிப்பொருள். உள்ளே நுழைந்து மின்கல அறையையும் மாலுமிகளின் படுக்கைகளையும் காணலாம். அதே வேசர் ஆற்றில் எதிர்த்துச் சென்றால் பார்கே வரும். அங்கே கோட்டை இன்னும் நிற்கிறது. அது நினைவிடமாகத் திறக்கப்பட்டது 2015-இல்தான்.