ஒரு நாற்காலியின் விலை

பழைய மாணவர்கள் கூடினால் கட்டடத்துக்கு நிதி கேட்பது வழக்கம். என்ஜினீயரான நான் கட்டடத்துக்கு எதிரியல்ல. இருந்தாலும் ‘இருக்கை’ என்கிற பேராசிரியர் பதவிக்குப் பணம் போட்ட ஓர் அரசின் வரலாற்றைச் சொல்கிறேன்.

1964-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநில அரசு 10 இருக்கைகளை ஏற்படுத்தியது. அறிவியலுக்கு ஐன்ஸ்டைன் பெயரில் 5, மற்ற துறைகளுக்கு ஷ்வைட்சர் பெயரில் 5. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வரை. உலகப் புகழ்பெற்ற அறிஞர்களை இழுப்பதே நோக்கம்.

அரசுப் பணம்னா சட்டமும் கூடவே வரும். 1967-ல் ஃபோர்டம் பல்கலைக்கழகம் மார்ஷல் மெக்லூஹனை இந்த இருக்கைக்கு அழைத்தது. கத்தோலிக்க நிறுவனத்துக்கு அரசுப் பணம் தரக்கூடாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் தடுத்துவிட்டார். கடைசியில் ஃபோர்டமே தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்தது!

ஸ்டோனி புரூக் கதை வேறு. 1957-ல்தான் தொடங்கிய பல்கலைக்கழகம். அதே ஆண்டு நோபல் பரிசு பெற்ற சி.என். யாங், 1966-ல் பிரின்ஸ்டனை விட்டு அங்கே ஐன்ஸ்டைன் இருக்கைக்கு வந்தார். 1999 வரை இருந்து, கோட்பாட்டு இயற்பியலுக்கு ஓர் ஆய்வு நிலையத்தையே வளர்த்தார். 1976-ல் ‘சூப்பர்கிராவிட்டி’ கொள்கையைக் கண்ட மூவரில் இருவர் அங்கே வேலை பார்த்தவர்கள். மூவரில் யாங் இல்லை! அதுதான் விஷயம். ஒரு பெரிய மனிதர் வந்தார். அவரைச் சுற்றி ஒரு துறை எழுந்தது.

பெயர்ப்பலகைக்காக ஆளைக் கூப்பிட்டால் பலகைதான் மிஞ்சும். தங்கி, ஆள் சேர்த்து, சொல்லிக்கொடுக்க வசதி செய்தால் தலைமுறை மிஞ்சும். அடுத்த நிதிக் கூட்டத்தில் கட்டடத்தோடு ஓர் இருக்கைக்கும் கணக்குப் போடுவோமே! அதில் உட்காரப்போகிறவரிடம் படிக்கப்போவது நம்ம தம்பி தங்கைகள்தானே.